‘இருக்கலாம்’ எந்த இடத்தில் ‘தான்’ ஆகிறது?

போன மாதம் மருமகன் வீட்டுக்கு வந்திருந்தான். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. ஃபோனில் ஒரு கொலை வழக்குச் செய்தியை வாசித்தவன், தலையைத் தூக்காமலே கேட்டான்: “மாமா, ரத்த ரிப்போட் வந்திட்டாம். அப்ப அவன்தானே செய்திருக்கான்?”

“ரிப்போட்டில என்ன இருக்காம்?”

“பொருந்துதாம்.”

“எது, எதோட?”

திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அது செய்தியில் இல்லை.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கொலை செய்யாத ஒருவர் கொலைகாரராகத் தீர்க்கப்படுவது எப்படி, அதில் தடயவியலுக்கு என்ன பங்கு என்பதுதான் விஷயம். இதை வாசிக்கச் சட்டமோ விஞ்ஞானமோ படித்திருக்கத் தேவையில்லை. நானும் இரண்டையும் முறையாகப் படித்தவனில்லை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். டொக்டர்மார் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்லியே தலை நரைத்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள். சாட்சிக் கூண்டில் சட்ட வைத்திய அதிகாரி நிற்கிறார். அவர் கையில் ஒரு வெட்டுக்கத்தி. பிடியில் துண்டு கட்டி இலக்கமிட்ட வழக்குப் பொருள். இறந்தவரின் கழுத்துக் காயம் இந்தக் கத்தியால் ஏற்பட்டிருக்குமா என்று அரச சட்டத்தரணி கேட்டார். டொக்டர், “கன்சிஸ்டன்ட் வித்” என்றார். நான் இருந்த வேகத்தில், “இந்தக் கத்தியால்தான் ஏற்பட்டது” என்றேன். எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தரப்பில் இருந்த வயதான சட்டத்தரணி மெதுவாக எழும்பினார். “கனம் நீதிபதி அவர்களே, அந்தத் ‘தான்’ டொக்டருடையதா, முதலியாருடையதா?”

மொழிபெயர்ப்பாளரைக் கோட்டில் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பின் வாங்கு வரைக்கும் சிரிப்பு. எனக்கு வியர்த்துவிட்டது. திருத்திச் சொன்னேன்: “இது போன்ற ஒரு கத்தியால் ஏற்பட்டிருக்கலாம்.”

இது போன்ற கத்தி எங்கள் குசினியிலும் ஒன்று இருக்கிறது. உங்கள் குசினியிலும் இருக்கும்.

நிபுணர் ஒரு தடயத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடியது சுற்றிச் சுற்றி நாலுதான்: அது இல்லை, அதாக இருக்கலாம், அதுதான், சொல்ல முடியாது. பிழையான தீர்ப்புகள் பலவற்றைக் கிண்டிப் பார்த்தால், எங்கோ ஓரிடத்தில் ‘இருக்கலாம்’ என்பது ‘தான்’ ஆகியிருக்கும். ஆய்வுகூடத்தில் ஆகியிருக்கலாம், சாட்சிக் கூண்டில் ஆகியிருக்கலாம், பத்திரிகைத் தலைப்பில் ஆகியிருக்கலாம். என்னைப் போன்ற ஒரு முதலியாரின் வாயிலும் ஆகியிருக்கலாம்.

செருப்பு அடி

மழை பெய்த முற்றத்தில் ஓர் இரப்பர் செருப்பின் அடி பதிந்திருக்கிறது. எட்டாம் இலக்கம், அலை அலையாகக் கோடு. சந்தேகநபரின் செருப்பும் எட்டு, அதே கோடு. சரி, பொருந்துகிறது. ஆனால் அதே அச்சில் வார்த்த செருப்புக் காத்தான்குடிக் கடைகளில் எத்தனை சோடி விற்றிருக்கும்? இதை வகை அடையாளம் என்பார்கள். ஒருவரைக் கூட்டத்துக்குள் சேர்க்க உதவுமே தவிர, கூட்டத்திலிருந்து அவரைப் பிரித்தெடுக்க உதவாது.

அந்தச் செருப்பில் குதிப் பக்கம் ஓர் ஆணித் துளை, விரல் பக்கம் கோணலாக ஒரு வெட்டு, ஒரு பக்கத் தேய்வு எல்லாம் இருந்து, சேற்றிலும் அதே இடங்களில் அவை பதிந்திருந்தால் கதை வேறு. அது தனி அடையாளம். இப்போது ‘அதுதான்’ என்பதை நெருங்குகிறோம். அப்போதும் என்ன தெரிகிறது? அந்தச் செருப்பு அங்கே மிதித்தது என்பது தெரிகிறது. எப்போது மிதித்தது, யாருடைய கால் உள்ளே இருந்தது என்பது தெரியவில்லை. செத்த வீட்டு வாசலில் செருப்பு மாறிப் போய்த் திரும்பாதவர் நம் ஊரில் யார்?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சேற்றில் இருந்தது ஆறாம் இலக்கமாக இருந்தால், எட்டாம் இலக்கச் செருப்பு உடனே கழிந்துவிடும். ‘இல்லை’ என்று சொல்ல ஒரு வித்தியாசம் போதும். ‘தான்’ என்று சொல்ல எத்தனை ஒற்றுமை வேண்டும் என்பதற்குப் பல துறைகளில் இன்றைக்கும் ஒழுங்கான கணக்கு இல்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு 2009இல் வெளியிட்ட அறிக்கை இதைப் போட்டு உடைத்தது: டிஎன்ஏ பரிசோதனையைத் தவிர, ஒரு தடயத்தை இன்ன ஆளுடையது என்று உயர்ந்த நிச்சயத்தோடு தொடர்ந்து காட்டக்கூடியதாக நிரூபிக்கப்பட்ட முறை வேறில்லை என்றது. முடி, பற்கடித் தழும்பு, சப்பாத்து அடி எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கைரேகையுமா என்று கேட்பீர்கள். 2004 மார்ச்சில் ஸ்பெயினின் மட்ரிட் நகர ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிபொருள் பையில் இருந்த ரேகையைப் பார்த்து, அமெரிக்காவின் எஃப்பிஐ தன் நாட்டுச் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தது. நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக நூறு வீதம் அவர்தான் என்றார்கள். ஸ்பெயின் பொலிஸ் அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்த பிறகுதான் விட்டார்கள். ரேகை பொய் சொல்லவில்லை. அரைகுறையாகப் பதிந்த ரேகையைப் பார்த்து மனிதர்கள் சொன்னது பிழை. முதலாமவர் ‘அதுதான்’ என்ற பிறகு பார்க்கிறவர் கண்ணுக்கு வேறொன்று தெரிவது கஷ்டம்.

நம் நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. அதன் 45ஆம் பிரிவில்தான் நிபுணர் வருகிறார். அவர் சொல்வதற்கு அந்தச் சட்டம் வைத்த பெயர் அபிப்பிராயம். நூற்று முப்பது வருடத்துக்கு முன்பு எழுதியவர்கள் சொல்லைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறார்கள்.

இரத்தமா, மனித இரத்தமா, யாருடைய இரத்தம்?

மருமகனுக்கு இதை விளக்க அதிக நேரம் எடுத்தது, ஏனென்றால் அவன் மூன்றையும் ஒரே கேள்வியாக நினைத்திருந்தான்.

ஒரு சாரனில் சிவப்புக் கறை. வெற்றிலைச் சாறாகவும் இருக்கலாம், துரு, மீன் இரத்தம், ஆட்டு இரத்தம் எதுவாகவும் இருக்கலாம். முதலில் செய்வது ஒரு துரிதப் பரிசோதனை. கறையில் தேய்த்த பஞ்சுக் குச்சியில் இரண்டு மூன்று மருந்துத் துளி விடுவார்கள். இரத்தத்தின் ஹீமோகுளோபின் அங்கே ஓர் இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும், நிறம் மாறும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் அதே வேலையைச் செம்பும் செய்யும், சில மரக்கறிச் சாறும் செய்யும். ஆகவே நிறம் மாறினால் ‘இரத்தமாக இருக்கலாம்’. மாறாவிட்டால் பெரும்பாலும் ‘இல்லை’. அவ்வளவுதான். மனித இரத்தமா என்பதற்கு இன்னொரு பரிசோதனை. யாருடையது என்பதற்கு மூன்றாவது. ஒவ்வொன்றும் தனிப் படி. ஒரு படியில் நின்றுகொண்டு அடுத்த படியின் பதிலைச் சொல்லக் கூடாது.

அவுஸ்திரேலியாவில் அப்படிச் சொன்னார்கள். 1980 ஆகஸ்ட் 17ஆம் திகதி இரவு, உலுரு என்கிற பெரிய செம்பாறைக்குப் பக்கத்தில் முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லைனின் ஒன்பது வாரக் குழந்தை கூடாரத்திலிருந்து காணாமல் போனது. டிங்கோ என்ற காட்டுநாய் கொண்டு போய்விட்டது என்று தாய் கத்தினார். ஆட்கள் நம்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா தொலைக்காட்சியில் அழாமல் பேசுவாள் என்பது பேச்சாக இருந்தது. (நம் ஊரில் இதே பேச்சு எத்தனை செத்த வீட்டில் கேட்டிருக்கிறேன்.)

அப்புறம் விஞ்ஞானம் வந்தது. அவர்களுடைய காரின் முன்பக்கத் தட்டுக்குக் கீழே தெறித்த மாதிரி ஒரு கறை. துரிதப் பரிசோதனையில் நிறம் மாறியது. அதற்கு மேல் ஒரு பரிசோதனை செய்து, இது கைக்குழந்தைகளின் உடலில் மட்டும் அதிகம் இருக்கும் வகை ஹீமோகுளோபின் என்றார் அரச தரப்பு ஆய்வாளர். பச்சைப் பிள்ளையின் இரத்தம் காருக்குள். ஜூரிக்கு வேறென்ன வேண்டும்? 1982 ஒக்டோபரில் ஆயுள் தண்டனை. அப்போது அந்தப் பெண் கர்ப்பிணி. அடுத்த பிள்ளை அவர் சிறைக்காவலில் இருந்தபோது பிறந்தது.

1986இல் பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியின் உடலைத் தேடப் போனவர்கள், டிங்கோக் குகைகள் உள்ள பக்கத்தில் குழந்தையின் மேற்சட்டையைக் கண்டெடுத்தார்கள். குழந்தை போட்டிருந்தது என்று வழக்கில் தாய் விடாமல் சொல்லிவந்த சட்டை. அவரை வெளியே விட்டார்கள். பிறகு ஆணைக்குழு உட்கார்ந்து காரை முறையாகப் பார்த்தது. தட்டுக்குக் கீழே இருந்தது, காரின் சத்தத்தைக் குறைக்கத் தொழிற்சாலையில் விசிறிய ஒரு பூச்சு. அந்த மாதிரிக் கார்கள் வேறு பலவற்றிலும் அதே இடத்தில் அதே தெறிப்பு இருந்தது. நிறம் மாறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: குடும்பம் வாழ்ந்தது மவுண்ட் ஐசா என்ற செம்புச் சுரங்க ஊரில். செம்புத் தூசி. சரிபார்க்கலாம் என்றால், முதல் பரிசோதனைத் தகடுகளை ஆய்வுகூடம் ஏற்கெனவே எறிந்துவிட்டிருந்தது.

1988இல் தீர்ப்பை ரத்துச் செய்தார்கள். குழந்தையைக் கொன்றது டிங்கோ என்று மரண விசாரணை அதிகாரி உத்தியோகபூர்வமாக எழுதியது 2012 ஜூனில். 32 வருடம்.

எனக்கு இந்த வழக்கில் மறக்க முடியாதது மற்றக் கார்கள்தான். அதே மாதிரி இன்னொரு காரை எடுத்துக் குனிந்து பார்க்க ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

நாலு கால் உள்ளதெல்லாம் மாடா?

கணக்கு என்றதும் பலர் அடுத்த பந்திக்குத் தாவுவார்கள். தாவ வேண்டாம், இது சின்னக் கணக்கு.

கொலை நடந்த இடத்தில் கிடைத்த இரத்தத்தில் ஓர் அபூர்வக் கலவை இருக்கிறது, ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அது இருக்கும் என்று வையுங்கள். பிடிபட்டவருக்கும் அதே கலவை. “அவர் குற்றமற்றவராக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான்” என்று யாராவது சொன்னால் தலையாட்டத் தோன்றும். ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேல் சனம். ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் ஐந்நூறு பேருக்கு மேல் அந்த இரத்தம் ஓடும். வேறு சான்று ஒன்றும் இல்லாவிட்டால், பிடிபட்டவர் அந்த ஐந்நூற்றில் ஒருவர். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

குற்றமற்ற ஒருவருக்கு இந்த அடையாளம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. இந்த அடையாளம் இருக்கிற ஒருவர் குற்றமற்றவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறொரு கேள்வி. மாட்டுக்கு நாலு கால் என்பது நிச்சயம். அதற்காக நாலு கால் உள்ளதெல்லாம் மாடில்லை. கட்டிலுக்கும் நாலு கால்.

இங்கிலாந்தில் சலி கிளார்க் என்ற சட்டத்தரணியின் இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. ஒன்று 1996 டிசம்பரில், மற்றது 1998 ஜனவரியில். தாய்தான் கொன்றார் என்று வழக்கு. பிள்ளை மருத்துவத்தில் பெரிய பெயரெடுத்த பேராசிரியர் ரோய் மெடோ சாட்சி சொன்னார்: இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை தொட்டிலில் காரணம் தெரியாமல் இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு, இரண்டும் இறக்க அதை அதாலேயே பெருக்கினால் 7 கோடி 30 இலட்சத்தில் ஒன்று. 1999இல் குற்றவாளி என்று தீர்ப்பு.

பெருக்கியதே பிழை. ஒரு வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்த பிறகு அடுத்தவருக்கும் வந்தால் அதைத் தனித்தனி விபத்து என்பீர்களா? அதே நுளம்பு, அதே தண்ணீர்த் தொட்டி. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான். முதல் பிள்ளையின் மரணத்துக்குப் பரம்பரைக் காரணம் ஏதாவது இருந்தால், அது இரண்டாவதற்கும் இருக்கலாம். பெருக்கல் சரி என்றே வைத்தாலும் மாட்டுக் கணக்கு மிச்சம் இருக்கிறது: தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அபூர்வம். இரண்டு அபூர்வங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. 2001இல் பிரித்தானிய அரச புள்ளியியல் சங்கமே பகிரங்கமாக ஆட்சேபித்தது.

ஆனால் அவரை 2003இல் வெளியே கொண்டுவந்ததில் முக்கியமானது வேறொரு சங்கதி. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு, பிரேத பரிசோதனை செய்த டொக்டரின் கோவையிலேயே கிடந்தது. எதிரி தரப்புக்குக் காட்டப்படவில்லை. நாலு வருடம் கழித்து, 2007இல், அந்தப் பெண்ணும் இறந்துபோனார்.

எத்தனை மணிக்கு?

நம் நாட்டில் தடயவியல் பெரிதாகப் பேசப்பட்ட வழக்கு என்றால் சதாசிவம் வழக்கு. 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணிக்கு எதிராக இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய அதே மகாதேவா சதாசிவம். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி அவருடைய மனைவி பம்பலப்பிட்டி வீட்டில் கொல்லப்பட்டார். வீட்டு வேலைக்காரர் அரச சாட்சியாக மாறி, எசமானோடு சேர்ந்துதான் செய்தேன் என்றார். சதாசிவம் காலையிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டவர். அவர் போக முன் மரணம் நடந்ததா, போன பின்னா? வழக்கே அந்த நேரத்தில்தான் தொங்கியது.

செத்த உடல் குளிரும் வேகத்தை வைத்து நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம் என்பது உண்மை. ஆனால் பழைய பாடப் புத்தகங்களின் கணக்குக் குளிர்நாட்டுக் கணக்கு. உயிருள்ள உடல் 37 பாகை. மட்டக்களப்பில் சித்திரை மாத மத்தியானம் 33, 34 பாகைக்குப் போகும். உடல் எங்கே போய்க் குளிர்வது? ஆறவைத்த தேநீர் எங்கள் விறாந்தையில் ஒரு மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பாக இருப்பது போலத்தான். கொழும்பின் முதல் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம் இந்தச் சூட்டில் உடல் எப்படிக் குளிர்கிறது என்பதை, தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களை வைத்தே அளந்தவர். கேட்கக் கூசும். ஆனால் இறந்த நிமிடம் திட்டமாகத் தெரிந்த உடல் வேறெங்கே கிடைக்கும்? சதாசிவம் தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எடின்பரோவின் பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித் அந்தத் துறையில் பெரிய பெயர், அவரும் வந்து சாட்சி சொன்னார். 1953இல் ஜூரி ஏகமனதாக விடுதலை செய்தது.

சதாசிவத்துக்குக் கொல்வினும் சிட்னி ஸ்மித்தும் கிடைத்தார்கள். வாகரையிலிருந்து பஸ்ஸில் வழக்குக்கு வருகிறவருக்கு யார் கிடைப்பார் என்பது நான் வேலை செய்த காலம் முழுக்க என் மனதில் இருந்த கேள்வி. அரச தரப்பு நிபுணர் சொல்வதை இன்னொரு நிபுணரிடம் காட்டிக் கேட்க ஏழைகளால் முடிவதில்லை.

கல்முனைக் குழந்தையும் ஜேர்மன் பஞ்சும்

எங்கள் பக்கத்தில் டிஎன்ஏ என்ற சொல் வீட்டுக்கு வீடு வந்தது சுனாமியோடு. 2004 டிசம்பர் 26இல் அலை கொண்டுவந்து போட்ட ஒரு பச்சைக் குழந்தை கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது ஆளாகச் சேர்க்கப்பட்டது. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி பறந்தது. நீதிமன்றம் டிஎன்ஏ பார்க்கச் சொன்னது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்து, பிள்ளை பெற்றவர்களிடம் போனது.

அதில் செய்தது என்ன? நம் மரபணுவின் குறிப்பிட்ட இடங்களில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள். ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. பிள்ளையின் எண்களை எடுத்து இடம் இடமாக ஒப்பிட வேண்டியதுதான். இடத்துக்கு இடம் ஒத்து வராவிட்டால் ‘இல்லை’. எல்லா இடத்திலும் ஒத்து வந்தால் ‘தான்’ என்பதற்குப் பக்கத்தில், எவ்வளவு பக்கத்தில் என்று கணக்கோடு சொல்லலாம். கணக்கோடு சொல்ல முடிவதுதான் இதன் பெருமை.

கொலை வழக்கில் டிஎன்ஏயின் பெரிய வேலை ஆட்களை விடுவிப்பது. அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்த இந்த முறை இங்கிலாந்தில் முதல் முதலாக ஒரு கொலை விசாரணைக்குப் போனபோது, 17 வயதுப் பையன் ஒருவன் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தான். பரிசோதனை ‘அவன் இல்லை’ என்றது. 2015 செப்டெம்பரில் நம் நாட்டிலேயே பார்த்தோம். கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது முதலில் பிடிபட்டவர்களில் ஒரு பாடசாலை மாணவன், டிஎன்ஏ பொருந்தவில்லை. அடுத்துப் பிடிபட்டவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்திகள் வந்தன, அவரோடும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனோடு. டிஎன்ஏ இல்லாத காலமென்றால் முதல் இரண்டு பேரில் ஒருவர் இன்றைக்கு எங்கே இருப்பார்?

ஆனால் டிஎன்ஏயும் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் பஞ்சுக் குச்சியால் எடுக்கிறார். ஜேர்மனியில் ஒரு பெண்ணைப் பொலிஸ் வருடக்கணக்கில் தேடியது. 2007இல் ஹைல்புரோன் நகரில் ஒரு பொலிஸ் பெண்ணைச் சுட்ட இடத்தில் அவள் டிஎன்ஏ. கொலை, களவு என்று ஏறக்குறைய 40 இடங்களில், ஒஸ்திரியா, பிரான்ஸ் வரைக்கும் அதே டிஎன்ஏ. 2009இல் விளங்கியது: அது பஞ்சுக் குச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள். கிருமி சாகும், டிஎன்ஏ போகாது. பரிசோதனை அவ்வளவு தடவையும் சரியாகத்தான் ‘அதுதான்’ என்றது. கேள்விதான் பிழை.

பெருவிரல்

சந்தேகநபர் பொலிஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று அதே 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு ஒரு வாசல் திறந்தது: உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னால் செல்லும்.

மட்டக்களப்பைச் சேர்ந்த சிங்கராசாவின் வழக்கு கொலை வழக்கில்லை. ஆனாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1993இல் பிடிபட்டவர். சிங்களம் தெரியாது. சிங்களத்தில் தட்டச்சுச் செய்த வாக்குமூலத்தில் அவர் பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை வைத்தே 50 வருடத் தண்டனை. மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் இது நியாயமான விசாரணை இல்லை என்றது. வாக்குமூலம் எடுத்தபோது அறையில் இருந்தவர்கள் விசாரித்த இரண்டு அதிகாரிகள் மட்டும். அவர்களில் ஒருவரே மொழிபெயர்ப்பாளரும் தட்டச்சாளரும்.

பெருவிரல் அவருடையதுதான். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்தப் பெருவிரலுக்கு மேலே எழுதியிருந்தது யாருடையது என்பதற்கு எந்த ரேகை நிபுணரும் பதில் சொல்ல மாட்டார்.

ஜப்பானில் 1966 ஜூனில் ஒரு மீசோத் தொழிற்சாலை அதிகாரியும் குடும்பமுமாக நாலு பேர் கொல்லப்பட்டார்கள். மீசோ என்பது சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் மண்ணிறக் கூழ். அங்கே வேலை செய்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் இவாவோ ஹக்கமாடா, வாரக்கணக்கான விசாரணைக்குப் பிறகு ஒப்புக்கொண்டார், நீதிமன்றத்தில் மறுத்தார். 14 மாதம் கழித்து, மீசோத் தொட்டிக்குள்ளிருந்து இரத்தம் தோய்ந்த ஐந்து உடுப்புகளை எடுத்தார்கள். 1968இல் மரண தண்டனை.

அந்தக் கறை சிவப்பாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் மீசோவுக்குள் ஊறிய இரத்தம் சிவப்பாக இருக்குமா? ஊறுகாய்ச் சாடிக்குள் விழுந்த துணியை எடுத்துப் பார்த்த எந்தப் பெண்ணும் கேட்கக்கூடிய கேள்வி. அவர் தரப்பு துணியில் இரத்தம் ஊற்றி மீசோவில் போட்டுப் பார்த்தது, கறுத்துப்போனது. 2014இல் வெளியே விட்டார்கள். 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்து, அந்த உடுப்புகள் விசாரணையாளர்கள் சோடித்தவை என்றது. அப்போது அவருக்கு 88 வயது. இதெல்லாம் சாத்தியமானது அந்த உடுப்புகளை எறியாமல் வைத்திருந்தபடியால்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஃபோனை எடுத்து அதே செய்தியை வேறு இரண்டு மூன்று இடத்தில் தேடினான். எல்லாவற்றிலும் ‘பொருந்தியது’ என்றே இருந்தது. கடைசியில் ஒன்றில் மட்டும் அறிக்கையின் வரியை அப்படியே போட்டிருந்தார்கள்: சாரனில் காணப்பட்ட கறை மனித இரத்தம்.

“மனிசன்ட ரத்தம் எண்டுதான் மாமா இருக்கு,” என்றான். “ஆர்ட எண்டு இல்ல.”